அறுபதா, அறுபத்துமூன்றா?

சிவகாசிப் பட்டாசுகளில் கணக்கு வாத்தியாருக்கு மிகவும் பிடித்திருக்க வேண்டியது சங்கு சக்கரம். அணுகுண்டு ஒரே சத்தத்தோடு முடிந்துவிடும். ராக்கெட்டில் கணக்கு உண்டு. ஆனால் பாட்டிலிலிருந்து கிளம்பியது எந்த வீட்டு மாடியில் போய் விழும் என்பதை எந்தச் சூத்திரத்தாலும் முன்கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை. சங்கு சக்கரம் அப்படியல்ல. கண்ணெதிரே, ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று, வட்டத்தைப் பற்றிய கோணக் கணக்குகளில் பாதியைச் சில நொடிகளில் நடத்திக் காட்டிவிட்டு அணைந்துபோகிறது.

அதன் கட்டமைப்பு எளிது. வெடியுப்பு, கந்தகம், உலோகத்தூள் கலந்த மருந்து அடைத்த மெல்லிய காகிதக் குழாய் ஒன்றை நடுவிலுள்ள சிறு வட்டத்தின்மேல் சுருளாகச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். நடுவே தரையில் ஊன்றிக்கொள்ள ஒரு முனை. சுருளின் வெளி நுனியில் திரி. பற்றவைத்ததும் வாயு குழாயின் வாய்வழியே ஒரு பக்கம் பாய, தட்டு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

இதில் முதல் கோணம் 90 பாகை. குழாய் வட்டத்தோடு ஒட்டி வளைந்திருப்பதால் அதன் வாய் எப்போதும் தொடுகோட்டின் திசையில் இருக்கிறது. தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து என்பது பள்ளிப் பாடம். வாயுவின் தள்ளுவிசை முழுவதும் சுழற்சிக்கே பயன்படுவது அந்தச் செங்கோணத்தால்தான். வாய் தொடுகோட்டிலிருந்து 60 பாகை விலகிச் சாய்ந்திருந்தால் சுழற்றும் வலு பாதியாகிவிடும். 90 பாகை விலகி நேராக வெளிப்பக்கம் பார்த்தபடி இருந்தால் சக்கரம் சுற்றவே சுற்றாது. எதிர்ப்பக்கமாக வழுக்கிக்கொண்டு ஓடும். தீபாவளியன்று வாசலில் சில சக்கரங்கள் சோம்பேறித்தனமாகத் தள்ளாடுவதற்குக் குழாயின் வாய் கோணலாகப் பிய்ந்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பொறிகளும் தொடுகோட்டிலேதான் கிளம்புகின்றன. ஒவ்வொரு பொறியும் ஓடுவது நேர்கோட்டில். ஆனால் வாய் சுற்றிக்கொண்டே இருப்பதால் அடுத்த பொறி வேறு திசையில் கிளம்புகிறது. முந்தியது அதற்குள் சற்றுத் தூரம் போயிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கண்ணுக்குச் சுருள் சுருளாக ஒரு பூ விரிகிறது. எந்தப் பொறியும் அந்த வளைவான பாதையில் நடந்ததே இல்லை.

இனி தலைப்பிலுள்ள கேள்வி. சக்கரத்தின் வெளி விட்டம் 6 சென்டிமீட்டர், நடுவட்டத்தின் விட்டம் 3 சென்டிமீட்டர், குழாயின் தடிமன் அரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழாய் மூன்று சுற்றாகச் சுருண்டிருக்கும். அதன் மொத்த நீளம் என்ன? காரி நாயனாரின் கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்புக்குச் சொல்லும் வழி, பாதிப் பரிதியைப் பாதி விட்டத்தால் பெருக்குவது. பெரிய வட்டத்துக்கு 9.42 பெருக்கல் 3, அதாவது 28.3. சிறிய வட்டத்துக்கு 4.71 பெருக்கல் 1.5, அதாவது 7.1. கழித்தால் குழாய் அடைத்துக்கொண்டிருக்கும் பரப்பு 21.2 சதுர சென்டிமீட்டர். அதைத் தடிமனான அரையால் வகுத்தால் 42 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இந்தக் குழாய் எரிந்து முடிவதற்குள் தட்டு 60 முறை சுற்றியது என்று கொள்வோம். தூரத்தில் நின்று பார்ப்பவருக்குத் தட்டு தெரியாது, நெருப்புதான் தெரியும். அந்த நெருப்பு எத்தனை சுற்று சுற்றியிருக்கும்?

60 என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனால் நெருப்பு தட்டின்மேல் ஒரே இடத்தில் நிற்கவில்லை. குழாய் எரிய எரிய அது வெளிச் சுற்றிலிருந்து உள்சுற்றுக்குத் தட்டின்மேலேயே நகர்ந்து போகிறது. முடிவில் தட்டின்மேல் மூன்று முழுச் சுற்று போயிருக்கும். எந்தப் பக்கமாக? வாயு வாயிலிருந்து வெளியே பாய்கிறது, எனவே தட்டு அதற்கு எதிர்த்திசையில், இன்னும் எரியாத குழாய் இருக்கும் பக்கமாகச் சுற்றுகிறது. நெருப்பும் எரியாத குழாயை நோக்கித்தான் நகர்கிறது. இரண்டும் ஒரே பக்கம். ஆக, தரையைப் பொறுத்து நெருப்பு சுற்றியது 63 முறை.

கேட்டால் வித்தை போலிருக்கிறது. உள்ளே இருப்பது வெறும் கூட்டல். தரையைப் பொறுத்த கோணம் என்பது தட்டு திரும்பிய கோணத்தோடு தட்டின்மேல் நகர்ந்த கோணத்தைக் கூட்டியது. திசை எதிராக இருந்தால் கழிக்க வேண்டும். வட்டச் சுழற்சியில் மாட்டிக்கொள்ளும் கணக்குகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியை மறந்ததால் மாட்டிக்கொண்டவை.

எதை நிலையாக வைத்து எண்ணுவது என்ற இதே சங்கதி, சிவகாசியிலிருந்து வடக்கே எண்ணெய் வணிகத்துக்குப் பேர்போன விருதுநகரில் வேறு உருவத்தில் இருந்தது. பழைய மரச்செக்கில் உரல் தரையில் ஊன்றியிருக்கும். மாடு சுற்றிவர உலக்கை உரலுக்குள் சுற்றும். மின்சாரத்தில் ஓடும் செக்குகள் பலவற்றில் உலக்கை நிற்கிறது, உரல் சுற்றுகிறது. உள்ளே கிடக்கும் எள்ளுக்கு இரண்டும் ஒன்றே. அதை நசுக்குவது உரலுக்கும் உலக்கைக்கும் இடையிலுள்ள சுழற்சி. அறையின் சுவரைப் பொறுத்து எது சுற்றுகிறது என்பது எண்ணெயின் அளவில் ஒரு சொட்டைக்கூட மாற்றாது.

செக்குமாடு இன்னொரு தேற்றத்தையும் சுமந்துகொண்டு சுற்றியது. மாட்டின் தடம் ஒரு வட்டம். அந்தத் தடத்தின் ஓரத்திலேயே ஒருவர் நிற்கிறார். அவருக்கு நேரெதிரே, விட்டத்தின் மறுமுனையிலிருந்து மாடு கிளம்புகிறது. அது கால் வட்டம் நடந்தால் மையத்திலுள்ள உலக்கையிலிருந்து பார்க்க 90 பாகை திரும்பியிருக்கும். ஓரத்தில் நிற்பவர் தன் பார்வையைத் திருப்பியதோ 45 பாகைதான். அவர், மையம், மாடு ஆகிய மூன்றையும் இணைத்தால் கிடைக்கும் முக்கோணத்தில் இரண்டு பக்கங்கள் ஆரங்கள், எனவே சமம். அவற்றின் எதிர்க்கோணங்களும் சமம். மையத்தில் மாடு உண்டாக்கிய கோணம் இந்த முக்கோணத்தின் வெளிக்கோணம், அது அந்த இரண்டு சம கோணங்களின் கூடுதல். ஆகவே மையக்கோணம் எப்போதும் பரிதிக்கோணத்தைப் போல இரு மடங்கு. பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்யப்படும் இந்த வரி, ஒரே நகர்வை இரண்டு இடங்களிலிருந்து பார்த்தவர்களின் சாட்சியம்தான். ஓரத்தில் தடத்தின்மேல் எங்கே நின்றாலும், மாடு அவரைக் கடக்காத வரை, கோணம் மாறாது. மாடு அருகில் வந்ததும் அவர் விலகிக்கொள்ள வேண்டும் என்பது தேற்றத்தில் சேராது.

அரை வட்டத்துக்கு மையத்தில் 180 பாகை என்றால் ஓரத்தில் 90. தச்சர்கள் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துவார்கள். ஒரு வட்டப் பலகையின் மையம் தெரியவில்லையா? மூலைமட்டத்தின் மூலையை விளிம்பில் வைத்தால் அதன் இரு கைகளும் விளிம்பை வெட்டும் புள்ளிகள் ஒரு விட்டத்தின் முனைகள். கோடு போட்டு, மூலையை வேறிடத்தில் வைத்து இன்னொரு கோடு போட்டால் இரண்டும் வெட்டுமிடம் மையம். காம்பஸும் வேண்டாம், அளவுநாடாவும் வேண்டாம்.

சக்கரத்தின் மையம் கிடைத்த பிறகு அது உருள வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளும் பெரிய தேர் ரத வீதிகளைச் சுற்றி நிலைக்கு வரும். வீதியில் நேராகப் போகும்போது வடம் பிடிப்பவர்களின் பலம்தான் விஷயம். முனை திரும்பும்போது முட்டுக்கட்டை போடுபவர்களின் கணக்கு தொடங்கும். முனையில் உள்பக்கச் சக்கரம் குறைவான தூரமும் வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தூரமும் போக வேண்டும். எவ்வளவு அதிகம்?

திருப்பத்தின் ஆரம் தெரியாமல் இதைப் போட முடியாது என்றே தோன்றும். போட்டுப் பார்த்தால் ஆரம் தானாகக் கழன்றுபோகிறது. வெளிச் சக்கரத்தின் பாதைக்கும் உள்சக்கரத்தின் பாதைக்கும் ஆரத்தில் உள்ள வித்தியாசம் இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம் மட்டுமே. கால் வட்டத்துக்குத் தூர வித்தியாசம் அகலத்தின் 1.57 மடங்கு. அகன்று திரும்பினாலும் ஒடுங்கித் திரும்பினாலும், உள்சக்கரத்தை அப்படியே நிறுத்திவைத்து அதை மையமாகக் கொண்டு திருப்பினாலும், அதே 1.57 மடங்கு. நான்கு முனையும் சேர்ந்தால் 6.28 மடங்கு. அகலம் 4 மீட்டர், சக்கரத்தின் விட்டம் 2 மீட்டர் என்று ஒரு தேரைக் கற்பனை செய்தால், வழுக்கல் இல்லாமல் உருண்டால், ஒவ்வொரு முனையிலும் வெளிச் சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சரியாக ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கும். நிஜத் தேரில் முட்டுக்கட்டையின்மேல் ஏறி, சறுக்கி, முனகித்தான் சக்கரங்கள் திரும்புகின்றன என்பதால் இந்தச் சுத்தமான விடையைத் தேரோட்டத்தன்று சரிபார்க்க இயலாது.

தேர் நிலைக்கு வந்தபோது அது நான்கு திசைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டது. யாரும் அதைப் பம்பரமாகச் சுழற்றவில்லை. ஆனாலும் அது தன்னைத்தானே 360 பாகை சுற்றியிருக்கிறது. கோயிலை வலம் வருபவரும் அப்படித்தான். இந்தச் சுற்று கண்ணில் படுவதில்லை. படாமல் போனதால் 1982 மே 1 அன்று அமெரிக்காவில் ஒரு பெரிய தேர்வே தடுக்கி விழுந்தது.

கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வு அது. கேள்வி இவ்வளவுதான்: சிறிய வட்டம் ஒன்றின் ஆரம் பெரிய வட்டத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு. சிறியது பெரியதன் விளிம்பைச் சுற்றி உருண்டு தொடங்கிய இடத்துக்கு வந்தால் மொத்தம் எத்தனை முறை சுழன்றிருக்கும்? கொடுத்த விடைகள் ஒன்றரை, மூன்று, ஆறு, நாலரை, ஒன்பது. பரிதி மூன்று மடங்கு என்பதால் விடை மூன்று என்று கேள்வியை அமைத்தவர்கள் நினைத்தார்கள். எழுதியவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். சரியான விடை பட்டியலிலேயே இல்லை என்று மூன்று மாணவர்கள் கடிதம் எழுதினார்கள். தேர்வை நடத்தியவர்கள் தவற்றை ஒப்புக்கொண்டு அந்தக் கேள்வியை நீக்கி, மதிப்பெண்களைத் திரும்பக் கணக்கிட்டார்கள்.

விடை நான்கு. நம்பாதவர்கள் ஒரே அளவான இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை மேசைமேல் ஒட்டிவைத்து, ஒன்றை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை அதன் உச்சியிலிருந்து சுற்றி உருட்டலாம். பரிதிகள் சமம், எனவே ஒரே சுற்று என்றுதான் எதிர்பார்ப்பு. ஆனால் பாதி வழியில், உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்கு வந்து சேரும்போதே சிங்கங்கள் மறுபடி நிமிர்ந்து நிற்கும். முழுதாகச் சுற்றி வந்தால் இரண்டு சுற்று.

கூடுதல் சுற்று எங்கிருந்து வந்தது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க இன்னொரு வழி உண்டு; அதற்கும் சிவகாசிச் சரக்குதான் தேவை. நாணயத்தை வட்டத்துக்குப் பதிலாக ஒரு தீப்பெட்டியைச் சுற்றி உருட்ட வேண்டும். நான்கு பக்கங்களிலும் நாணயம் நேர்கோட்டில் உருள்கிறது. அங்கே பெட்டியின் சுற்றளவை நாணயத்தின் பரிதியால் வகுத்த எண்ணிக்கைதான் கிடைக்கும். மூலைக்கு வந்ததும் நாணயம் முன்னேறுவதே இல்லை. மூலையைத் தொட்டபடியே 90 பாகை சாய்ந்து அடுத்த பக்கத்தில் இறங்குகிறது. நான்கு மூலைக்கு நான்கு கால் சுற்று. அந்த ஒன்றுதான் தேர்வில் காணாமல் போனது. வட்டத்தில் மூலை என்று தனியாக இல்லை. வளைவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மூலை பரவிக் கிடக்கிறது. அதனால் மறைந்துகொள்கிறது.

சங்கு சக்கரத்தின் கூட்டலும் இதே விடையைத் தரும். இரு மையங்களையும் ஒரு குச்சியால் இணைத்ததாக நினைத்தால், குச்சியின்மேல் உட்கார்ந்திருக்கும் எறும்புக்குச் சிறிய வட்டம் மூன்று முறைதான் சுழன்றது. குச்சி ஒருமுறை சுற்றியது. மேசையைப் பொறுத்து மூன்றும் ஒன்றும் நான்கு. சிறிய வட்டம் பெரியதன் உள்விளிம்பில் உருண்டால் திசை எதிராகும். மூன்றில் ஒன்று கழிந்து இரண்டாகும். தேர்வுக் கேள்வியை அமைத்தவர்கள் எறும்பின் விடையை எழுதிவிட்டு, மேசையின் கேள்வியைக் கேட்டிருந்தார்கள்.

குச்சி சுற்றாமலே இருந்தால்? அப்போது மூன்று என்பதே சரி. சிவகாசியின் ஆப்செட் அச்சகங்களில் நடப்பது அதுதான். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கிய தொழில் அங்கே தனி உலகமாக வளர்ந்தது. அந்த இயந்திரங்களில் பிளேட் சிலிண்டரும் பிளாங்கெட் சிலிண்டரும் ஒன்றையொன்று தொட்டபடி, ஆனால் தத்தம் அச்சு நகராமல் சுற்றுகின்றன. விளிம்புகளின் வேகம் சமம். இரு மடங்கு விட்டமுள்ள இம்ப்ரஷன் சிலிண்டர் ஒருமுறை சுற்றினால் பிளேட் இருமுறை சுற்றும், மூன்று அல்ல. இங்கே தொல்லை வேறு. நான்கு வண்ணமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாவிட்டால் ரிஜிஸ்டர் விலகி, படத்திலிருக்கும் லட்சுமிக்கு இரண்டு உதடு வந்துவிடும். 100 மில்லிமீட்டர் ஆரமுள்ள சிலிண்டரில் விளிம்பு 0.1 மில்லிமீட்டர் தவறினால் கோணத்தில் அது 3.4 கலை, ஒரு பாகையில் 60 கலை. அச்சகத்து மெஷின்மேன் பாகையில் பேசுவதில்லை. ஆனால் அவர் லென்ஸ் வைத்துப் பார்ப்பது அந்த மூன்று சொச்சம் கலையைத்தான்.

அந்த எண் பழைய எண். ஆரியபட்டர் வட்டத்தின் பரிதியை 21,600 கலைகளாக எடுத்துக்கொண்டு, அதே அளவுகோலில் ஆரத்தை 3438 என்று வைத்துத்தான் தன் அரைநாண் அட்டவணையின் 24 மதிப்புகளைக் கொடுத்தார். ஆரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வில் என்றால் 3.438 கலை. கி.பி. 499ஆம் ஆண்டில் 23 வயதானவர் வகுத்த அளவில் ஆப்செட் பிளேட்டின் பிசகு அப்படியே பொருந்தி உட்கார்கிறது.

சிவகாசி அச்சகங்களில் ஆடிப்பெருக்குக்குப் புது ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பம் வெளியாகும். தினசரி காலண்டரில் நாளுக்கு ஒன்றாக 365 தாள். கடைசித் தாளைக் கிழிக்கும்போது பூமி தன்னைத்தானே எத்தனை முறை சுற்றியிருக்கும்? இதுவரை படித்தவர்கள் இப்போது தயங்குவார்கள், தயங்குவது நியாயம். 366.

நாள் என்பது சூரியனைப் பொறுத்து எண்ணுவது, அதாவது பூமியையும் சூரியனையும் இணைக்கும் குச்சியின்மேல் உட்கார்ந்த எறும்பின் கணக்கு. அந்தக் குச்சி ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவிடுகிறது, பூமி சுழலும் அதே திசையில். நட்சத்திரங்களைப் பொறுத்து எண்ணினால் ஒன்று கூடும். அதனால்தான் நட்சத்திரங்களைப் பொறுத்த ஒரு சுழற்சிக்கு 24 மணி நேரம் ஆவதில்லை; 23 மணி 56 நிமிடம் 4 நொடி. கார்த்திகைக் கூட்டம் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாக உதிப்பதும், ஆண்டு முழுவதும் சேர்ந்து அது ஒரு முழு நாளாகிக் கணக்குத் தீர்வதும் இதனால்தான்.

ஆரியபட்டர் இதைக் குழப்பமே இல்லாமல் வைத்திருந்தார். 43,20,000 ஆண்டுகள் கொண்ட மகாயுகத்தில் பூமியின் சுழற்சிகள் 158 கோடியே 22 லட்சத்து 37 ஆயிரத்து 500 என்றார். அதிலிருந்து சூரியனின் சுற்றுகளான 43,20,000ஐக் கழித்தால் 157 கோடியே 79 லட்சத்து 17 ஆயிரத்து 500. அதுவே நாட்களின் எண்ணிக்கை. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 365.2587 நாள். பூமிதான் சுழல்கிறது என்று அவர் சொன்னதைப் பிரம்மகுப்தர் உட்படப் பின்வந்தவர்கள் பலர் ஏற்கவில்லை. படகில் போகிறவனுக்குக் கரை பின்னோக்கி ஓடுவதுபோல் தோன்றும் என்று ஆரியபட்டர் காட்டிய உவமை அவர்களிடம் எடுபடவில்லை. வேடிக்கை என்னவென்றால், நிற்பது உரலா உலக்கையா என்ற அந்தச் சண்டை நாட்களின் கணக்கைத் தொடவே இல்லை. பூமி சுழன்றாலும் வானம் சுழன்றாலும் கழித்தலின் விடை அதேதான்.

நிலவுக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம். நட்சத்திரங்களைப் பொறுத்து அது ஒருமுறை சுற்ற 27.3 நாள்; ஆண்டுக்கு 13.37 சுற்று. பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.5 நாள், ஆண்டுக்கு 12.37. மறுபடியும் அந்த ஒன்று. பூமியைப் பொறுத்தோ அதன் சுழற்சி பூஜ்யம், ஒரே முகத்தைத்தான் எப்போதும் காட்டுகிறது.

திசை எதிராகும் உதாரணம் வெள்ளிக் கிரகம். அது சூரியனை 224.7 பூமி நாளில் சுற்றுகிறது. தன்னைத்தானே சுற்ற 243 நாள் எடுத்துக்கொள்கிறது, அதுவும் பின்பக்கமாக. ஓர் ஆண்டில் அதன் சுழற்சி கழித்தல் 0.92. அதிலிருந்து குச்சியின் ஒரு சுற்றையும் கழித்தால் கழித்தல் 1.92. கழித்தல் குறிக்குப் பொருள், சூரியன் மேற்கே உதித்துக் கிழக்கே மறையும். வெள்ளிவாசிகளுக்காகச் சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடித்தால் ஆண்டுக்கு இரண்டு தாள்கூட முழுதாக வேண்டியிராது. ஒவ்வொரு தாளும் 117 பூமி நாள் சுவரில் தொங்கும். பகலில் எட்டில் ஒரு பங்கு ராகு காலம் என்ற வழக்கத்தை அங்கேயும் கொண்டுபோனால், தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகும் ராகு காலம் மட்டும் ஏழு பூமி நாளுக்கு மேல் நீளும்.